கியர்பாக்ஸ் மாற்றிய பிறகு வரும் கறகறப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளின் கார் கொட்டகைகளில் இன்றும் அம்பாசிடரும் ஃபியட்டும் ஜீப்பும் நிற்கின்றன. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. பழைய கியர்பாக்ஸுக்கு நல்ல சாமான் கிடைப்பது வரவரக் குறைகிறது. அதனால் வேறு பாக்ஸை ஏற்றுகிறார்கள். ஸ்டீயரிங் கியர் வைத்த 4 ஸ்பீடு அம்பாசிடரில், இசுசூ இன்ஜினோடு பின்னால் வந்த 1800 மாடலின் 5 ஸ்பீடு ஏறுகிறது. 3 ஸ்பீடு ஜீப்பில் பொலீரோவின் பாக்ஸ் ஏறுகிறது. பழைய மாருதி 800-இல் 4 ஸ்பீடு போய் 5 ஸ்பீடு வருகிறது. வண்டி கீழே இறங்கி, முதல் தடவை கியர் போடும்போது “கர்ர்ர்” என்று கேட்டால் வரும் கேள்விகள் இவை.

பாக்ஸ் ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கியர் போட்டாலே கறகறவென்று அரைக்கிறது. திரும்ப இறக்கிவிடலாமா?

வேண்டாம். இறக்குவது கடைசி வேலை. புதிதாக ஏற்றிய பாக்ஸ் கத்தினால் பழி உடனே பாக்ஸ் மேல் விழுகிறது, விற்றவரிடம் சண்டை தொடங்குகிறது. ஆனால் மாற்றி ஏற்றிய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி கிளட்ச்தான். கிளட்ச் முழுசாகக் கட் ஆவதில்லை, அதாவது இன்ஜினிலிருந்து பாக்ஸை முழுசாகப் பிரிப்பதில்லை. பாக்ஸ் நல்லதாகவே இருக்கும்.

விஷயம் இதுதான். நிற்கிற வண்டியில் கிளட்சை மிதித்தால், இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்க, கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்து பாக்ஸுக்குள் போகிற இன்புட் ஷாஃப்டும் வேகம் குறைந்து நின்றுவிட வேண்டும். இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீலைப் பிளேட் லேசாக உரசிக்கொண்டிருந்தால்கூட ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரப் பக்கத்துப் பல் நிற்கிறது, இன்ஜின் பக்கத்துப் பல் சுற்றுகிறது, இரண்டையும் நாம் கையால் சேர்க்கிறோம். அந்தச் சத்தம்தான் கேட்கிறது. இந்த நிலையில் எந்தப் பாக்ஸைப் போட்டாலும் கத்தும்.

சரி, கிளட்சா பாக்ஸா என்று இறக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது?

கையும் காலும் காதும் போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். கிளட்ச் மிதித்தபடி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். ஏதாவது ஒன்று போகவே மறுத்தால் அது கியர் ராட், அதைப் பாக்ஸோடு இணைக்கிற லிங்கேஜ் பக்கத்து விவகாரம். கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் தகராறு என்றால் கிளட்ச் பக்கம் சந்தேகம் போகட்டும்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, கிளட்சை அடிவரை மிதியுங்கள். மிதித்த கையோடு ரிவர்ஸ் போடாதீர்கள். 5 முதல் 10 விநாடி காத்திருந்து, அப்புறம் மெல்ல ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் கட் ஆகிறது, ஷாஃப்ட் நிற்க நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். காத்திருந்தும் கத்தினால் ஏதோ ஒன்று ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது பொய் சொல்லாது. கிளட்சை மிதித்தபடியே ஒரு முன் கியரைப் போடுங்கள். அதன் சின்க்ரோ, அதாவது பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம், ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடும். (பழைய அம்பாசிடர், ஜீப் பாக்ஸில் முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லாததால் இரண்டாவதைப் போடுங்கள்.) காலை எடுக்காமல் நியூட்ரலுக்கு வந்து உடனே ரிவர்ஸ் போடுங்கள், அநேகமாகச் சத்தம் வராது. இப்போது அதையே திரும்பச் செய்யுங்கள், ஆனால் நியூட்ரலில் 10 விநாடி நிறுத்தி அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். இந்தத் தடவை கத்தினால், நின்றுபோன ஷாஃப்டை எதுவோ மறுபடி சுற்றவைத்திருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் இழுக்கிறது (முழுசாக விலகாமல் உரசுகிறது) அல்லது ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற பைலட் புஷ் பிடிக்கிறது. பாக்ஸைத் திறந்து பார்த்துப் பயனில்லை.

கடைசியாக, பெடலை 3, 4 முறை வேகமாக அடித்து மிதித்துப் பிடித்துக்கொண்டு கியர் போட்டுப் பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் கிளட்சாக இருந்து, அப்படி அடித்தபின் கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது.

டிரைவ் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு, கிளட்ச் மிதித்து சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கிற முறையும் உண்டு. செய்வதானால் ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்னால் யாரையும் நிற்கவிடாமல் செய்யுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம்.

சத்தம் கிளட்ச் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி இருக்கிறது. எதை எப்படிப் புரிந்துகொள்வது?

பல் அரைபடுகிற சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் முதலில் பிரியுங்கள். கியர் போடும் நொடியில் மட்டும் வருவது பல். போடாமல் சும்மா நிற்கும்போதும் வருவது பேரிங்.

நியூட்ரலில் கிளட்ச் விட்ட நிலையில் உறுமி, மிதித்தால் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கத் தொடங்கியதும் “கீச்” அல்லது “ஸ்ஸ்ர்” என்று கிளம்பினால், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விலக்குகிற ரிலீஸ் பேரிங். முழுசாக மிதித்து, கியரும் போட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பைலட் புஷ். ஃப்ளைவீல் சுற்ற, ஷாஃப்ட் நிற்க, இரண்டுக்கும் நடுவில் அது தேய்வது அந்த நேரத்தில்தான். வண்டி ஓடும்போது எல்லா கியரிலும் உறுமி, நேர் கியரான (பல் மாற்றமில்லாமல் சுற்று நேராகப் போகிற) நான்காவதில் மட்டும் அடங்கினால் உள்ளே லே ஷாஃப்ட் எனும் துணை ஷாஃப்டின் பக்கம் தேய்மானம் இருக்கிறது. அதற்குப் பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். முன்சக்கர டிரைவ் மாருதிக்கு இந்தக் கடைசிக் கணக்கு பொருந்தாது, அங்கே நேர் கியர் என்று ஒன்று இல்லை.

ஏர் எடுத்தாச்சு, மாஸ்டர் புதுசு, ஸ்லேவ் புதுசு. அப்படியும் கட் ஆகவில்லையே?

இந்தக் கேள்விதான் ஆளை அலையவைக்கிறது. எல்லாம் புதுசாக இருந்தும் அளவு பொருந்தாமல் இருக்கலாம். 5 ஸ்பீடு பாக்ஸ், கீழே கிளட்சைத் தள்ளுகிற தன் ஸ்லேவ் சிலிண்டரோடு வந்திருக்கும். பெடல் பக்கத்து மாஸ்டர் பழைய வண்டியுடையது. இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை அல்ல.

கணக்கு போட்டுப் பாருங்கள். மாஸ்டர் துளை 15.9 மி.மீ., அதாவது 5/8 அங்குலம் என்று வையுங்கள். பெடலை மிதித்தால் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது. கீழே ஸ்லேவ் துளை 19 மி.மீ. என்றால், அதாவது 3/4 அங்குலம், அதன் ராட் ஏறக்குறைய 21 மி.மீ. தள்ளும். அதே இடத்தில் 22.2 மி.மீ. ஸ்லேவ், 7/8 அங்குலம், வந்து உட்கார்ந்தால் 15 மி.மீ.தான் தள்ளும். துளையில் வித்தியாசம் 3 மி.மீ.தான்; தள்ளுவதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது, ஏனென்றால் விட்டத்தின் வர்க்கத்தில்தான் பரப்பு மாறுகிறது. பெடல் மட்டும் சுகமாக, இலகுவாக இருக்கும். “கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்குண்ணே” என்று ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார், கியர் கத்தும்.

ஆகவே ஏர் எடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேலை எடுங்கள். ஒருவர் பெடலை மிதிக்கட்டும், ஒருவர் கீழே படுத்து ஸ்லேவ் ராட் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளக்கட்டும். பாக்ஸ் எந்த வண்டியுடையதோ அந்த வண்டி ஒன்றில் அதே அளவை எடுத்து ஒப்பிடுங்கள். குறைந்தால் மாஸ்டரின் துளையைக் கூட்டுங்கள் அல்லது ஸ்லேவின் துளையைக் குறையுங்கள். எதைச் செய்தாலும் பெடல் கனக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அளவுக்கு மீறித் தள்ளவைப்பதும் தப்பு. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் (ஸ்பிரிங் தகடு) விரல்கள் தேவைக்கு மேல் அமுங்கினால் அது கெடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன விஷயம்: பெடலுக்கு அடியில் கிடக்கிற மிதியடியை எடுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். ரப்பர் மேட், அதன்மேல் கார்ப்பெட், அதன்மேல் இன்னொரு மேட் என்று அடுக்கியிருப்பார்கள். பெடல் அடிவரை போகாமல் பாதியில் நிற்கும்.

என்னுடையது மாருதி 800. அதில் ஹைட்ராலிக்கே கிடையாதே?

கேபிள்தான். ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரம்) அதிகமானால் கட் ஆகாது, இல்லாமலே போனால் கிளட்ச் வழுக்கும், ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும். பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் நட்டில் சரிசெய்யுங்கள். சரியாக வைத்தும் இரண்டு நாளில் மாறினால் கேபிள் உள்ளே நூல் நூலாகப் பிரிகிறது, புதுசு மாற்றுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், வேறொருவர் மிதிக்கும்போது கேபிள் நுழைகிற, இன்ஜினுக்கும் வண்டியின் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தத் தகடு துருப்பிடித்து முன்னும் பின்னும் வளையும். நீங்கள் மிதிக்கிற மிதியில் பாதியைத் தகடு தின்றுவிடும்.

இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில், லேத்தில் செய்த அடாப்டர் பிளேட் போட்டு ஏற்றினோம். அதில் பிரச்சினை வருமா?

வரும். வந்தால் கண்டுபிடிக்கவும் கஷ்டம். வேறு இன்ஜினுக்கு வேறு பாக்ஸ் ஏற்றும்போது பார்க்க வேண்டியவை இரண்டு, மையமும் நீளமும்.

மையம் என்றால் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டின் மையமும் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருப்பது. ஒரிஜினல் வண்டியில் அதை உறுதி செய்வது போல்ட்டுகள் அல்ல, இடம் மாறாமல் நிறுத்துகிற முளைகளான இரண்டு டவல் பின்கள். போல்ட் துளை எப்போதும் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கும். பழைய இன்ஜினில் அந்த டவல்கள் துருப்பிடித்து உடைந்துபோயிருக்கும், அல்லது பாக்ஸ் இறக்கும்போது கீழே விழுந்து எண்ணெய்த் தட்டில் கிடக்கும். டவல் இல்லாமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் பாக்ஸ் தன் கனத்தில் அரை மி.மீ. இறங்கி உட்காரும். அப்படி உட்கார்ந்த பாக்ஸில் இன்புட் ஷாஃப்ட் பைலட் புஷ்ஷில் சாய்வாக நுழைகிறது. பிளேட் ஷாஃப்ட் பற்களில் தாராளமாக வழுக்கி நகர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. கட் ஆகாது, கியர் கத்தும், சில வண்டிகளில் ஓடும்போது கியர் தானே துள்ளி வெளியே வரும். கொஞ்ச நாளில் பிளேட்டின் நடுப்பகுதி கிழியும்.

அளக்க டயல் கேஜ் வேண்டும். பாக்ஸை மட்டும் பின்னால் எடுத்துவிட்டு, பெல் ஹவுசிங்கை (கிளட்சைச் சுற்றியுள்ள கூட்டை) இன்ஜினில் மாட்டிக்கொள்ளுங்கள். கேஜின் காந்தத்தை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளை ஹவுசிங்கின் நடு ஓட்டை விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் ஆடுகிற மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. உண்மையான மைய விலகல் அந்த ஆட்டத்தில் பாதி. அதிகமாக இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, ஹவுசிங்கைத் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து, இறுக்கி, அப்புறம் புது டவல் துளை போடச் சொல்லுங்கள். ஹவுசிங்கும் பாக்ஸும் ஒரே வார்ப்பாக இருந்தால் இந்த அளவு எடுக்க வழியில்லை. அடாப்டர் பிளேட்டை மட்டும் இன்ஜினில் மாட்டி, அதன் டவல் துளைகளை அளந்து சரிபார்ப்பதுதான் மாற்று. நம்மூர் லேத் பட்டறைகளில் அரிசி ஆலை ஷாஃப்ட், பம்ப் செட் என்று துல்லியமான கடைசல் செய்கிற கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் “ஒரு பிளேட் போட்டுக் கொடுங்க” என்று மட்டும் சொன்னால் ஒரு பிளேட்தான் கிடைக்கும். மையம் இத்தனைக்குள் வேண்டும் என்று அளவோடு சொல்ல வேண்டும்.

நீளம் எளிது. 10 மி.மீ. கனமுள்ள அடாப்டர் போட்டால் இன்புட் ஷாஃப்டின் நுனி 10 மி.மீ. பின்னால் போகிறது. பைலட் புஷ்ஷை அது எட்டுகிறதா? ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை எட்டுகிறதா? எதிர்ப்பக்கமும் உண்டு: வேறு பாக்ஸின் ஷாஃப்ட் நீளமாக இருந்து நுனி கிராங்கில் முட்டினால், போல்ட்டை இறுக்க இறுக்க ஷாஃப்டும் கிராங்கும் ஒன்றையொன்று தள்ளும். ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால் போல்ட்டால் இழுத்து மூடவே கூடாது. எதற்காக நிற்கிறது என்று பாருங்கள். இழுத்து மூடினால் வார்ப்பு உடையும்.

பைலட் புஷ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது ஒரு கட்டைவிரல் அளவுச் சாமான், அதனால் இவ்வளவு வருமா?

வரும். கிராங்கின் பின்முனையில் உட்கார்ந்து இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது அதுதான். இன்ஜின் ஒரு வண்டியுடையது, பாக்ஸ் வேறு வண்டியுடையது என்றால் வெளி விட்டம் ஒன்றுக்கும் உள் விட்டம் இன்னொன்றுக்கும் சேர வேண்டும். அப்படி ஒரு புஷ் கடையில் இருக்காது, கடைந்துதான் போட வேண்டும்.

எண்ணெய் உறிஞ்சும் வெண்கலப் புஷ்ஷாக இருந்தால் மாட்டுவதற்கு முன் ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவிடுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், அதன் நுண்துளைகளைக் கிரீஸ் அடைத்துவிடும். இன்னொன்று, கிராங்கில் இறுக்கமாக அடித்து இறக்கியதும் புஷ்ஷின் உள் விட்டம் கொஞ்சம் சுருங்கும். கையில் இருந்தபோது ஷாஃப்ட் நுனியில் அழகாகச் சுற்றிய புஷ், கிராங்குக்குள் போனதும் ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும். அதனால் இறக்கிய பிறகு ஒரு தடவை ஷாஃப்டை நுழைத்து விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடித்தால் ரீமர் போட்டு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.

இந்தக் கோளாறுக்கு அடையாளம் உண்டு. பெடல் ஃப்ரீ பிளே எப்படி வைத்தாலும் கறகறப்பில் துளிகூட மாற்றம் இருக்காது, ஸ்லேவ் முழுசாகத் தள்ளும். அங்கே பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

கிளட்ச் பிளேட் திருப்பி மாட்டியிருப்பார்களோ?

நடக்கிறதுதான். நடு ஹப்பின் ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு என்று பல பிளேட்டுகளில் முத்திரையே இருக்கும். மாற்றி மாட்டினால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும், கிளட்ச் ஒருபோதும் கட் ஆகாது.

மாட்டுவதற்கு முன் பிளேட்டைப் புதுப் பாக்ஸின் ஷாஃப்டில் செருகி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பல் எண்ணிக்கையும் விட்டமும் சரியாக இருந்து தாராளமாக நகர வேண்டும். பாக்ஸை ஏற்றும்போது முழுக் கனத்தையும் பிளேட்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை டம்மியாக வைத்து மையப்படுத்தி, கீழே ஜாக்கி கொடுத்து ஏற்றுங்கள்.

பழைய அம்பாசிடர் கிளட்சில் ரிலீஸ் பேரிங் என்பது ஒரு கார்பன் வளையம். பிரஷர் பிளேட்டில் மூன்று நெம்பு விரல்கள் இருக்கும். பின்னால் வந்த செட்டுகளில் டயாஃப்ரமும் பால் பேரிங்கும். இதில் பாதி அதில் பாதி என்று கலந்து மாட்டாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். மூன்று விரல் செட்டாக இருந்தால் விரல்கள் மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் பிளேட் சாய்வாக விலகும், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள். பாக்ஸ் மாற்றி நன்றாகத்தான் ஓடியது. மழைக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் நின்றது, பொங்கலுக்கு எடுத்தால் ஒரு கியரும் விழவில்லை. பாக்ஸ் போச்சா?

போகவில்லை. பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டு வண்டிகளுக்கே உரிய நோய் இது. வருஷத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அசையாமல் நின்றால் ஃப்ளைவீலின் முகத்தில் துரு பூக்கும். பிளேட்டின் லைனிங் அதில் ஒட்டும். (துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. ஆனாலும் நம் கொட்டகையில் துரு பிடிப்பது நிற்கவில்லை.)

அடையாளம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் விழும். ஓடும்போது ஒன்றும் விழாது, ரிவர்ஸ் மட்டுமல்ல எதுவும். பெடலும் ஸ்லேவும் ஒழுங்காக நகரும்.

விடுவிக்க, இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்குங்கள். அணைத்துவிட்டு, திறந்த வெளியில், முன்னால் நிறைய இடம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரும், திடுக்கிடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்கை அழுத்தினால் பெரும்பாலும் “டப்” என்று விடுபடும். சுவருக்கு எதிரே நிறுத்திச் செய்யாதீர்கள். ஊரணிக் கரையிலும் வேண்டாம். இரண்டு மூன்று முயற்சியில் விடாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் லைனிங் பெயர்ந்து வரும், பாக்ஸை இறக்கி சுத்தம் செய்வதே மேல்.

அடுத்த மழைக்கு முன், வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை அமுக்கி, பெடலுக்கும் சீட் அடிக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து வைக்கலாம். அதைவிட நல்லது, வாட்ச்மேனோ டிரைவரோ வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து விட்டு, தெருவரை ஓட்டி வருவது. வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் பிளேட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எந்த கியர் ஆயில் ஊற்றுவது? கடையில் “90” என்று கேட்டு வாங்கி ஊற்றினோம்.

90 என்பது கனம் மட்டும்தான். அதற்குப் பக்கத்தில் ஜி.எல்.-4 அல்லது ஜி.எல்.-5 என்று எழுதியிருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 பொருத்தம். சின்க்ரோ உள்ள பாக்ஸில் பித்தளை வளையம் கியரின் கோனைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். ஜி.எல்.-5-இன் வழுக்கல் அந்தப் பிடியைக் குறைக்கும், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் நாளடைவில் பித்தளையை அரிக்கவும் கூடும். அதனால் சின்க்ரோ பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.-4. கனத்தைப் பாக்ஸ் எந்த வண்டியுடையதோ அந்த வண்டியின் புத்தகத்தைப் பார்த்து ஊற்றுங்கள், உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்தல்ல.

ஊற்றியதைச் சரிபார்க்க, பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். (வீட்டு எனாமல் தட்டை எடுப்பதானால் ஆச்சியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.) மஞ்சளாக மினுமினுத்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் பித்தளைத் தூள், சின்க்ரோ வளையம் தேய்கிறது. டிரெயின் பிளக்கில் மெல்லிய கறுப்புக் குழம்பு ஒட்டியிருப்பது சகஜம். நகக்கண் அளவு இரும்புச் சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது, அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கத்துகிறது. மற்றதெல்லாம் சுத்தம்.

இது பாக்ஸ்தான். ஒரே ஒரு கியர், அதுவும் ஓட்டத்தில் மட்டும் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் கோளாறு இருந்தால் ஒரு கியரோடு நிற்காது, ரிவர்ஸும் முதல் கியரும் சேர்ந்து சொல்லும். இறக்குவதற்கு முன்னால் ஆயிலை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், சில வண்டிகள் அதிலேயே அடங்குகின்றன.

பழைய அம்பாசிடரில் ஒரிஜினல் மாதிரியே 4 ஸ்பீடு பாக்ஸ்தான் போட்டோம். ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கத்துகிறதே?

கத்தும். அந்தப் பாக்ஸில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. ஜீப்பின் 3 ஸ்பீடு பாக்ஸிலும் அப்படித்தான். வண்டி நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள். ஓட்டத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால் டபுள் கிளட்ச்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு, திரும்ப மிதித்து கியர். வீட்டில் பெரிய டிரைவர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள், காலாலேயே சொல்லிக்கொடுப்பார்.

கியர் ராட் உள்ளே பாதி போய் நிற்கிறது. அதற்கப்புறம்தான் கறகற.

தரையில் ஓட்டை போட்டு ராடை வெளியே எடுத்திருப்பீர்கள். ராட் அந்த ஓட்டையின் விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள், முக்கியமாக இரண்டாவதிலும் நான்காவதிலும். கியர் முழுசாகப் போகாமல் பல்லின் நுனியில் மட்டும் கவ்வி நிற்கும், சுமை ஏறியதும் வெளியே துள்ளும். பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருந்தாலும் இதே கதை.

ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

புது கிளட்ச் பிளேட் முகம் பழகக் கொஞ்சம் ஓட்டம் கேட்கும், உண்மை. அதில் வருவது உதறல். பல் அரைபடுவது ஓட்ட ஓட்டச் சரியாகாது, ஒவ்வொரு தடவையும் பல்லின் நுனி மழுங்கும். “பாக்ஸ் சரியில்லை” என்று போய் நிற்காமல், “10 விநாடி காத்திருந்தும் ரிவர்ஸ் கத்துகிறது, ஸ்லேவ் 15 மி.மீ.தான் தள்ளுகிறது” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு உடனே வேலைக்கு வரும். அடுத்த வாரம் மாப்பிள்ளை அழைப்பு, வண்டி வேண்டும் என்றால், முன் கியரைப் போட்டு நிறுத்திவிட்டு உடனே ரிவர்ஸ் போடுகிற வித்தையை டிரைவருக்குக் கற்றுக்கொடுத்து அந்த ஒரு நாளை ஓட்டலாம். குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வரும் வரை தாங்கும். மதுரைக்கு வேறு வண்டி சொல்லிவிடுங்கள்.

கழற்றிய பழைய பாக்ஸை என்ன செய்வது? பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். புதுப் பாக்ஸ் ஓர் ஆண்டாவது சத்தமில்லாமல் ஓடும் வரை பழையது கொட்டகையிலேயே இருக்கட்டும். அதன் இன்புட் ஷாஃப்ட் அடுத்த தடவை கிளட்சை மையப்படுத்த டம்மியாக உதவும். டவல் பின்கள், ஃபோர்க், ஸ்பீடாமீட்டர் பினியன் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்த வண்டியுடையது என்று எழுதி வையுங்கள். பாக்ஸ் மாற்றிய பிறகு ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டினால் அந்தப் பினியனின் பல் எண்ணிக்கையைப் புதியதோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஷாஃப்டில் ஆயில் தடவி, துணியில் சுற்றி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.